வாலாட்டிய வீடு

அத்தியாயம் மூன்று

துப்பறிவாளர் சிவனணைந்தபெருமாள் முற்றத்து மண்ணில் மண்டியிட்டு, ஹெரால்டு காரின் முன்பக்க பம்பரில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆ!" என்றார்.

அவருடைய "ஆ!"வில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தடயம் கிடைத்தால் வருவது. மற்றது, முழங்கால் பிடித்துக்கொண்டால் வருவது. இது எந்த வகை என்று தெரியாமல் உதவியாளர் இசக்கியம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"கையக் குடு தாயி."

"அப்ப முழங்காலுதான்."

"ரெண்டுந்தான். இங்கன பாரு," என்று குரலைத் தாழ்த்தினார். பம்பரின் இரண்டு முனைகளிலும் விரலகலத்துக்கு நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. "நீல வண்டி ஒண்ணு இத இடிச்சிருக்கு."

இசக்கியம்மாள் குனிந்து பார்த்தாள். "ரெண்டு முனையிலயும் அளந்து வச்ச மாதிரி இடிச்சிருக்கு. இடிச்சவன் ஆசாரியா இருப்பானோ அண்ணாச்சி?"

பெருமாள் அதைக் காதில் வாங்கவில்லை. கிடைத்த தடயத்தை உடனே வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் கொள்கை. சொன்னால் அவர்கள் ஏதாவது சாதாரணக் காரணம் சொல்லித் தடயத்தைக் கெடுத்துவிடுவார்கள். இந்தக் கொள்கை அன்று அவருக்கு ஒரு முழுப் பகலை நஷ்டமாக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. இசக்கியம்மாளுக்குக் கொஞ்சம் தெரியும்.

அவளை அவர் உதவியாளர் என்பார். அவளோ தன்னை மேற்பார்வையாளர் என்பாள். கீழ்மாடி இன்ஸ்டிடியூட்டில் டைப் பழக வந்தவள், மேல்மாடியில் அவருடைய பெயர்ப்பலகை கோணலாகத் தொங்குவதைப் பார்த்து, நேராக்கிவிட்டுப் போகலாம் என்று ஏறினாள். இரண்டு வருஷமாகியும் இறங்கவில்லை.

"என்னவே, ஏதும் தட்டுப்பட்டுதா?" என்று வராந்தாவிலிருந்து கேட்டார் ஆவுடையப்பன். ஒரு கை இடுப்பில் இருந்தது. தைல வாசனை தெருவரைக்கும் வந்தது. "நேத்து வண்டி குலுங்குன குலுக்கல்ல இடுப்பு போச்சு. எனக்கு என்ன ஆனாலும் ஆவட்டும். செவலைக்கு அடி ஒண்ணும் இல்லையே?"

"செவலையா? மாடும் வண்டியில வந்துச்சா?" என்றார் பெருமாள்.

"காரத்தான் சொல்லுதாரு சார்," என்றான் வேப்பமரத்தடியில் நின்ற டிரைவர் ஜேசுபாதம். ஹெரால்டின் நிறம் காய்ந்த செங்கல் நிறம். "அதுக்குத் தண்ணி காட்டாம ஒரு எடத்துலயும் நிறுத்த விடமாட்டாரு. ரேடியேட்டருக்கு ஊத்துததுக்கு அவரு வச்ச பேரு."

"நீ பேசாதல," என்றார் ஆவுடையப்பன்.

நடந்தது இவ்வளவுதான்.

ஆவுடையப்பன் ஆற்றுப் பாசனத்துக் கிராமத்தில் ஏர் பிடித்து, பிறகு தூத்துக்குடிக்கு வந்து அரிசி ஆலை வைத்தவர். சாகுபுரத்தில் இயந்திரம் பூட்ட வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்புமுன் தன் கேரவனை விற்றார். கேரவன் என்றால் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே கட்டில், அலமாரி, அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் உண்டு. அதைப் பார்த்த மாத்திரத்தில் ஆவுடையப்பனின் மனைவி சங்கரம்மாளுக்குக் காசி ஞாபகம் வந்துவிட்டது. சத்திரத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று கல்யாணமான நாளிலிருந்து தள்ளிப்போட்ட காசி அது. வீட்டையே இழுத்துக்கொண்டு போனால் சத்திரம் எதற்கு?

உப்பு வியாபாரி பால்துரையும் அந்தக் கேரவனுக்குப் போட்டி போட்டார். திடீரென்று விலகிக்கொண்டார். அது ஆவுடையப்பனுக்கு அப்போதே உறுத்தியது.

காசிக்கு முன்னால் வெள்ளோட்டமாக நேற்று திருச்செந்தூர் போனார்கள். அம்மி, ஆட்டுரல் உட்பட அடுக்களை முழுவதும் கேரவனில் ஏறியது. போகும்போது வண்டி பூப்போலப் போனது. திரும்பும்போது பழையகாயல் உப்பளத்துப் பக்கம், ஒரு வளைவும் இல்லாத நேர் ரோட்டில், கேரவன் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பித்தது. ஆட்டம் பெருத்து, கொக்கி ஒடிந்து, வீடு உப்புப் பாத்தியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடிபட்டவர் யாரும் இல்லை.

"பால்துரை காசு குடுத்து, இவன் கொக்கியத் தளத்தியிருக்கான்," என்றார் ஆவுடையப்பன். "சாயங்காலம் இன்ஸ்பெக்டர்ட்டப் புகார் குடுக்கப் போறேன். அதுக்குள்ள ருசுவக் கொண்டாரும். அதுக்குத்தான் உம்மக் கூப்பிட்டேன்."

ஜேசுபாதம் கீழவைப்பார்க்காரன். அந்த வெள்ளைக்காரரிடம் டிரைவராக இருந்தவன். கேரவன் கைமாறியபோது, அதை ஓட்டத் தெரிந்தவன் என்று அவனும் கூடவே வந்து சேர்ந்திருந்தான். "சார், பனிமய மாதா சத்தியமா நான் கொக்கியத் தொடல. புதுத் துறைமுகத்துல டிரைவர் வேலைக்கு உத்தரவு வந்திருக்கு. திங்கக்கிழமை சேரணும். எம்மேல போலீஸ் கேசு இருந்தா உள்ள விடமாட்டான். கொக்கி ஒடிஞ்சா என் சோறும்லா சேந்து ஒடியும்? நானா ஒடிப்பேன்?"

பெருமாள் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வண்டிய எடு. அந்த எடத்துக்குப் போவோம்."

"சந்தேகப்பட்ட ஆளையே ஓட்டச் சொல்லுதியளா?" என்று இசக்கியம்மாள் கிசுகிசுத்தாள்.

"அதுல ஒரு மனோதத்துவம் இருக்கு."

"நமக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்கத இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்ல."

மாசி வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைத்தது. ரோட்டில் டயர் கோடு முதலில் லேசாக நெளிந்து, போகப் போகப் பெரிதாக நெளிந்து, கடைசியில் ரோட்டை விட்டே இறங்கியிருந்தது. அதன் முடிவில் கேரவன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பின்சுவர் பிளந்திருந்தது. பிளவுக்கு நேரே பாத்தித் தண்ணீரில் ஆட்டுரல் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. உப்பளத்து ஆள் ஒருவர் அதன்மேல் தன் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜேசுபாதம் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "இது எப்படி சார் பின்னால வந்துச்சு? நேத்து நடந்த ரகளையில நான் இந்தப் பக்கமே வரல. இத நான் சக்கரத்துக்கு மேல, ஒரு சாண் முன்தள்ளி, கோணியால அணைகட்டில்லா வச்சேன்?"

"எங்கன வச்சா என்னல? வீடு வீடுதான?" என்றார் பெருமாள்.

"இல்ல சார். எங்க பழைய தொர தலபாடமாச் சொல்லித் தந்தது. பாரம் முன்பக்கம் கொஞ்சம் அழுத்தணும். காரோட முதுகுல கை வச்சுப் புடிச்ச மாதிரி இருக்கும், ஆடாது. பின்னால போச்சின்னா வீடு காரத் தூக்கிரும். வேகம் புடிச்சதும் ஆட ஆரம்பிக்கும். ஆடுனா பொறவு யாராலயும் நிறுத்த முடியாது. நேத்து முக்காணிப் பாலம் தாண்டுனதுலருந்து ஸ்டியரிங் காத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. ஏன்னு புரியல."

பெருமாள் கேரவனுக்குள் நுழைந்தார். முதலில் தலை நுழைந்தது. பிறகு வயிறு யோசித்தது. இசக்கியம்மாள் பின்னாலிருந்து தள்ளியதும் மீதியும் நுழைந்தது. அவளும் ஏறிக்கொண்டாள். சக்கரத்துக்கு மேலே தரைவிரிப்பில் ஆட்டுரல் அழுத்திய வட்டத் தடம் இருந்தது. அணைக்கு வைத்த கோணி அங்கே இல்லை. அதை இசக்கியம்மாள்தான் கட்டிலடி அலமாரியில் கண்டுபிடித்தாள். நான்காக மடித்து வைத்திருந்தது.

"அண்ணாச்சி, தானா சரிஞ்சு போற கல்லு, போறதுக்கு முன்னால கோணிய மடிச்சு வச்சிட்டாப் போகும்?"

பெருமாளின் முகம் மலர்ந்தது. "யாரோ நகட்டியிருக்கான்."

"நல்லா வளத்த ஆளு. எங்க வீட்டு ஆம்பளைகள்ல ஒருத்தர்கூட இல்ல."

"பால்துரையோட ஆளு," என்றார் பெருமாள். "வழியில எங்கயோ நுழைஞ்சிருக்கான். நீல லாரி!"

முள்ளக்காட்டுப் பக்கம் பால்துரையின் உப்புக் கிட்டங்கி. வாசலில் லாரி எடைமேடை. அதைச் சுற்றி நான்கு லாரிகள், நான்கும் நீலம். பெருமாள் இசக்கியம்மாளை வெற்றியோடு பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

பால்துரை பனைநிழலில் ஸ்டூல் போட்டுப் பதநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெருமாள் எடுத்த எடுப்பிலேயே பூதக்கண்ணாடியை நீட்டி, "உங்க லாரி இந்தக் கார இடிச்சிருக்கு," என்றார்.

பால்துரை எழுந்து வந்து பம்பரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பெருமாளைப் பார்த்தார்.

"என் லாரி இத இடிச்சிருந்தா இது பம்பராவே இருக்கும்? பப்படமால்லா இருக்கும். ஒரு செம்பு பதநி குடியும். வெயில்ல அலைஞ்சிருக்கீரு."

"அப்ப போட்டியிலருந்து ஏன் விலகுனிய?"

"ஏன் விலகுனேனா? நாலு பொண்ணு கட்டிக் குடுத்தவன் நான். பொருத்தம் பாக்காம ரெண்டு சாமானச் சேக்க மாட்டேன்." எடைமேடையைக் காலால் தட்டினார். "அந்தத் தொரைட்டக் கேட்டு வீட்ட இதுல ஏத்திப் பாத்தேன். பொறவு என் ஃபியட்ட ஏத்துனேன். வெறும் வீடே காரு கனத்துல முக்காலுக்கு மேல நிக்கி. இனி சட்டி பானை ஏறணும், அரிசி பருப்பு ஏறணும். ஏறுனா மாப்பிள்ளைய விடப் பொண்ணு கனம். ஓட்டத்துல யார யாரு இழுப்பா? தொரையோட காரு ஆனை கணக்கா இருக்கும், அதுக்குச் சரி. நம்ம கார்லாம் வெள்ளாடு. இந்த ஹெரால்டும் அந்தக் கனந்தான். வேணும்னா ஏத்திப் பாரும்."

ஏற்றிப் பார்த்தார்கள். வெள்ளாடுதான்.

"இத ஆவுடையப்பன் அண்ணாச்சிட்டச் சொன்னியளா?" என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

"சொன்னேனே! நான் பொறாமையில சொல்லுதேன்னுட்டாரு. ஆனா ஒண்ணு, போறப்போ நல்லாப் போச்சுங்கீய. கனம் கூடுனாலும் அடுக்குன முறை சரியா இருந்திருக்கு. மெள்ளப் போனா தப்பிச்சிரலாம். திரும்புறப்போதான் எவனோ அதையும் கெடுத்திருக்கான்."

பெருமாள் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நீலத் தடயம் பதநீரோடு கரைந்து போயிற்று. வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவர் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் இசக்கியம்மாளுக்குத் தெரிந்திருக்காது.

"நேத்து திரும்புற வழியில எங்க நிறுத்துன?" என்று கடைசியில் ஜேசுபாதத்திடம் கேட்டார்.

"ஆத்தூர்ல மட்டுந்தான் சார். வெத்தில வாங்க."

ஆத்தூர் ரோட்டோரத்தில் பேச்சித்தாயின் வெற்றிலைக் கடை. பார்த்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு கேள்வி போதும். பெருமாள் அரைக் கேள்விதான் கேட்டார்.

"வீட்டக் கட்டி இழுத்துட்டு வந்த காரா? அத யாரு மறப்பா! வாரப்போ காரோட பின்பக்கம் குனிஞ்சு, பிள்ளைத்தாச்சி உக்காருத மாதிரி வந்துச்சு. வெத்தில வாங்கிட்டுப் போறப்போ பாத்தா, கோழி தண்ணி குடிக்குத மாதிரி மூஞ்சி கீழயும் வாலு மேலயுமால்லா போச்சு! இதென்ன கூத்துன்னு நான் வெத்திலயக்கூட நறுக்காம நின்னேன்."

பெருமாளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. ஆட்டுரல் நகர்ந்தது இங்கேதான்.

"அந்நேரம் இந்த டிரைவர் எங்க இருந்தான்?"

"எதிர்த்தாப்ல பம்புல தண்ணி அடிச்சிக்கிட்டு இருந்தான். காருக்குத் தண்ணி காட்டிட்டு வான்னு மொதலாளி வெரட்டிட்டாரு. சங்கரம்மா மதினி எங்கூடக் கொடிக்காலுக்கு வந்து வெத்தில கிள்ளிப் பாத்துக்கிட்டு நின்னாவ."

"வேற யாரும் வண்டிக்கிட்டப் போனாவளா?"

"மொதலாளி மட்டும் நின்னாரு. சொந்த வண்டிக்கிட்ட நிக்கக் கூடாதா என்ன?"

காருக்குத் திரும்பி நடக்கையில் இருவரும் கொஞ்சம் பின்தங்கினார்கள். பெருமாள் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "இசக்கி, கேசு குடுத்தவரே குத்தவாளின்னா நம்ம தொழில் என்னாவது?"

"சொந்த வீட்ட அவரே ஏன் கவுக்கணும்?"

"காசிக்குப் போக மனசில்ல. பொஞ்சாதிட்டச் சொல்லப் பயம். வெள்ளோட்டத்துலயே வண்டியக் கெடுத்திட்டா, காசி தானா நின்னு போகும். பழிக்கு ஒரு டிரைவர்." அவருக்கே சொல்லச் சொல்லக் கோபம் வந்தது. முன்னால் நடந்த ஜேசுபாதத்தின் சட்டை முதுகில் ஒட்டுப் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். "சாயங்காலம் வரட்டும். இன்ஸ்பெக்டர் முன்னாலயே கிழிக்கேன்."

"கிழிங்க. ஆனா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, தன் வலியக் கேக்காம கார் வலியக் கேட்ட மனுசன் அவரு. எனக்கென்னமோ ஒட்டல அண்ணாச்சி."

தூத்துக்குடி திரும்பியபோது ஆவுடையப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்க்கக் கிளம்பும் நேரம். பெருமாள் அவர் வெளியே வருவதற்குள் பழக்க தோஷத்தில் மறுபடியும் பம்பருக்கு முன்னால் மண்டியிட்டார். பொய்த்துப்போன தடயத்தை ஒருமுறை பார்த்து வருத்தப்படலாம் என்றுதான்.

"காலையிலயும் அதத்தான் பாத்திய, இப்பயும் அதத்தான் பாக்கிய," என்று சங்கரம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். "மாட்டுப் பொங்கலுக்கு இவுக அடிச்ச கொம்புப் பெயின்டுல்லா அது! ஊர்ல மாடு இருந்தப்போ கொம்புக்கு நீலந்தான் அடிப்பாவ. மாடெல்லாம் வித்தாச்சு. கார்ல கொம்பு எங்கன்னு தேடி, கடைசியில பம்பர் முனையில அடிச்சாவ. கழுத்துல மாலை வேற. அழிக்கச் சொன்னா அழிக்க மாட்டேங்காவ."

பெருமாள் ஒரே மூச்சில் எழுந்து நின்றார். முழங்கால் வலிக்க மறந்துவிட்டது.

காருக்குக் கொம்பு வரைகிற மனிதர்! அந்தக் கார் முதுகு குனிந்து நிற்பதைப் பார்த்தால் அவர் என்ன செய்வார்?

ஆவுடையப்பன் வெளியே வந்தார். "ருசு கெடச்சுதாவே?"

"கெடச்சுது. அதுக்கு முன்னால ஒரு சம்சயம். மாட்டுக்குக் கழுத்துல புண்ணுன்னா, வண்டியில பாரத்த எப்படி ஏத்துவிய?"

"இதென்ன கேள்வி? பின்னால தள்ளித்தான். பின்பாரம் இருந்தா நுகத்தடி கழுத்த அழுத்தாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!"

"நேத்து ஆத்தூர்ல செவலைக்கும் வலிச்சுதோ?"

"பொறவு? பாவம், இடுப்பு ஒடிஞ்ச மாதிரி பின்பக்கம் குனிஞ்சு நிக்கி. வாயில்லாத சீவன். பாத்துக்கிட்டு இருக்க முடியுதா? கோணிய எடுத்து வச்சிட்டு, அந்த உரல நானே உருட்டிப் பின்னால..."

பேச்சு பாதியில் நின்றது. இடுப்பில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த வலி குலுக்கலில் வந்தது அல்ல என்று அந்தக் கைக்கும் அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

பெருமாள் இன்ஸ்பெக்டர் முன்னால் கிழிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் கிழிக்க ஒன்றும் இல்லை. "மாடு கழுத்தால இழுக்கு அண்ணாச்சி. காரு இடுப்பால இழுக்கு," என்றார் தணிந்த குரலில். "அந்த அழுத்தந்தான் வீட்ட ஆடாமப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க எரக்கப்பட்டு எடுத்திட்டிய. ஜேசுபாதம் சரியாத்தான் அடுக்கியிருந்தான்."

ஆவுடையப்பன் படியிறங்கிப் போய், ஹெரால்டின் மூக்கில் கைவைத்துத் தடவினார். "செவலை, நல்லது செய்யுதேன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிரு."

"கார்ட்டக் கேட்டாச்சு," என்றாள் இசக்கியம்மாள். "டிரைவர்ட்ட?"

பெருமாளுக்கு மோர் புரையேறியது. அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது சங்கரம்மாளின் கண் விரிந்ததில் தெரிந்தது.

ஆவுடையப்பன் ஜேசுபாதத்தின் பக்கம் திரும்பினார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. "ஏலே... ஜேசு... வண்டிய எடு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போவணும்."

ஜேசுபாதத்தின் முகம் வெளிறியது. "மொதலாளி, இன்னுமா..."

"உம்மேலதான் கொற சொல்லப் போறேன்னு காலையிலேயே அவர்ட்ட ஆளு விட்டுச் சொல்லிட்டேன்லா? இப்ப நானே போயி, உரல உருட்டுன கழுத நான்தான்னு சொல்லணும். திரும்புறப்போ பால்துரை வீட்டுல நிறுத்து. அங்கயும் சொல்லணும். பொறவு..." அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார், கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டார். "மனசுல வச்சுக்கிடாதய்யா. திங்கக்கிழமை உன்ன நானே துறைமுகத்து வாசல்ல கொண்டு விடுதேன்."

'ஏலே' போய் 'ஐயா' வந்ததை அங்கிருந்த எல்லோரும் கவனித்தார்கள். கவனிக்காத மாதிரியும் இருந்தார்கள்.

"அப்ப காசி?" என்றாள் சங்கரம்மாள்.

"ரயில்ல போவோம்ளா."

"ரயில்ல போறதுன்னா, உரல எங்கன வைக்கணும்? முன்னாலயா, பின்னாலயா?"

பெருமாள் பேச்சை மாற்றுவதற்காகக் காரின் பின்சீட்டுக் கதவைத் திறந்தார். ஜேசுபாதம் ஓடிவந்து அதைச் சாத்திவிட்டு, முன்கதவைத் திறந்து பிடித்தான்.

"நீங்க முன்னால உக்காருங்க சார்."

பெருமாளின் நெஞ்சு நிமிர்ந்தது. "மரியாதைக்கா?"

ஜேசுபாதம் அவர் வயிற்றைப் பார்த்தான். அன்று காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தான்.

"இல்ல சார். பாரத்துக்கு."